பிரேசில் போவதென்று முடிவானது

முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். அமேசான் நதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் நேரில் நான் கடந்த பெரிய நதி என்றால் கங்கைதான். அதுவும் ரயிலில், நடு ராத்திரியில்.

போன தீபாவளிக்கு முன்னால் என் மனைவி பெயரில் இருந்த நிலம் விற்றது. புதுக்கோட்டைப் பக்கம் அவள் பிறந்த ஊரில் ஒரு ஏக்கர் 40 சென்ட். பக்கத்தில் புறவழிச்சாலை வந்ததால் எதிர்பாராத விலை கிடைத்தது. மகனுக்கும் மகளுக்கும் கொடுத்தது போக 22 லட்சம் கையில் நின்றது. வங்கியில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மகன் போனில், "அப்பா, போட்டுப் போட்டு என்ன கண்டீங்க? உங்களுக்கு 69, அம்மாவுக்கு 63. கால் நடக்கும்போதே எங்கயாவது தூரமா, வசதியா ஒரு தடவை போயிட்டு வாங்க" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய அட்லஸை எடுத்துத் தென் அமெரிக்காவைத் திறந்தேன்.

ஒரு வாரத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. மொத்தம் ஆறு இடம். முதலில் ரியோ டி ஜெனிரோ. கோர்கோவாடோ மலையில் 1931-ல் எழுப்பிய கிறிஸ்து சிலை. அந்த மலைக்கு ஏறும் பல்சக்கர ரயில் அதற்கும் முந்தியது, 1884-ல் ஓடத் தொடங்கியது. இரண்டாவது இகுவாசு அருவி. ஒன்றல்ல, சுமார் 275 அருவிகள் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலத்தில் வரிசையாக விழுகின்றன. மூன்றாவது பாண்டனால் சதுப்பு நிலம். ஜூலை முதல் அக்டோபர் வரை தண்ணீர் வற்றும்போது ஆற்றங்கரைக்கு ஜாகுவார் வரும். நான்காவது அமேசான் நடுவே மனாஸ் நகரம். ஐந்தாவது லென்சோய்ஸ் மரன்யென்சஸ். வெள்ளை மணல் மேடுகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் தேங்கி நீலக் குளங்களாக நிற்கும் இடம். ஆறாவது சால்வடோர், போர்ச்சுகீசியரின் பழைய தலைநகரம்.

எந்த மாதம் போவது என்பதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். அங்கே நம் கோடைதான் குளிர்காலம். மனாஸில் நீக்ரோ ஆறு ஜூனில் உச்சத்தில் ஓடும், அக்டோபர் நவம்பரில் அடிமட்டத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் பத்து மீட்டர் வரை வித்தியாசம். ஜூன் கடைசியில் போனால் காடே தண்ணீரில் நிற்கும், மரங்களுக்கு நடுவே படகில் போகலாம். மணல்மேட்டுக் குளங்களும் அப்போது நிரம்பியிருக்கும். பாண்டனாலும் வற்றத் தொடங்கியிருக்கும். ஆகா, ஜூன் கடைசி என்று வட்டம் போட்டேன். வகுப்பறையில் பாடம் முடித்த திருப்தி.

பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கொடுத்தேன். 21 நாள், நட்சத்திர ஓட்டல்கள், நீண்ட விமானத்தில் படுத்துக்கொண்டு போகிற இருக்கை, எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 29 லட்சம் என்று கணக்கு வந்தது. மீதி ஏழு லட்சத்தை என் சேமிப்பிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம், "உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது. நிலம் அவளுடையது. பணம் அவளுடையது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் காலை காபியோடு அந்த நோட்டும் அவள் கையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்திருக்கிறாள்.

"ஏங்க, இதுல விமானம் மட்டும் எத்தனை தடவை ஏறி இறங்கணும்னு எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணியிருக்கவில்லை. எண்ணினோம். போக வர நான்கு, அந்த நாட்டுக்குள்ளேயே பத்து. பிரேசில் என்பது 85 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ரியோவிலிருந்து மனாஸ் போக நேர் விமானத்திலேயே நாலு மணி நேரம். மற்ற ஊர்களுக்கு நடுவே பெரும்பாலும் சாவ் பாவ்லோவிலோ பிரேசிலியாவிலோ இறங்கி மாற வேண்டும். அட்லஸில் அது ஒரு விரற்கடை.

"என் முழங்காலை வச்சுக்கிட்டு 14 தடவை ஏறி இறங்கணுமா? இது சுற்றுலாவா, தேர்தல் பிரசாரமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உனக்காகத்தானே இவ்வளவும் பாத்துப் பாத்துப் போட்டேன்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இரண்டு நாள் அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

மூன்றாம் நாள் அவளே ஆரம்பித்தாள். "அந்த மனாஸ் ஊருல பால்மரம் இருக்குமா?"

பால்மரம் என்று ரப்பர் மரத்தைச் சொல்வது மலாயாவில் இருந்தவர்கள் வழக்கம். அவளுடைய அப்பத்தா பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரத்தைச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். தாத்தாவும் அதே தோட்டம்தான். 1943-ல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பவில்லை. அப்போது என் மாமனாருக்கு ஐந்து வயது. அப்பத்தா இன்னும் சில வருடம் அங்கேயே பால் வெட்டிச் சேர்த்து, பிறகு மகனோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். கையில் இருந்த காசில் வாங்கியதுதான் அந்த ஒரு ஏக்கர் 40 சென்ட்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத கதை இல்லை. கல்யாணமான புதிதிலேயே கேட்டதுதான். ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-ல் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் மூவாயிரத்துக்கும் குறைவாகவே முளைத்தது. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு வருடம் 22 நாற்று சிங்கப்பூருக்குப் போனது. மலாயாவின் தோட்டங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை. இதை நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் என் மனைவியின் அப்பத்தா இருக்கிறார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் ஆறு ஊர்த் திட்டத்திலும் மனாஸுக்கு நேரே நான் எழுதியிருந்தது "இரண்டு இரவு, ஆறு, குரங்கு" என்பதுதான்.

"ரப்பர் மரம் பாக்கணும்னா குலசேகரம் போதுமே, ராத்திரி பஸ் ஏறினா காலையில பாத்துடலாம்" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

"அதெல்லாம் வரிசையா நட்டது. வெட்டுறதுக்குன்னே வளத்தது. தானா நிக்கிறதை ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். அமேசானில் ரப்பர் மரம் தோப்பாக இருக்காது. ஒன்று இங்கே, அடுத்தது எங்கேயோ என்று காட்டுக்குள் சிதறி நிற்கும். நெருக்கமாக நட்டால் இலைக் கருகல் நோய் ஒன்று மரத்துக்கு மரம் தாவி அழித்துவிடும். 1928-ல் ஹென்றி ஃபோர்டு அங்கே பெரிய தோட்டம் போட்டு, இந்த நோயோடும் மல்லுக்கட்டித் தோற்று, 1945-ல் விட்டுவிட்டுப் போனார். ஆசியாவில் அந்த நோய் இல்லாததால் இங்கே தோட்டம் தழைத்தது, அங்கே மனாஸ் படுத்துவிட்டது. ரப்பர் பணத்தில் 1896-ல் திறந்த அமேசோனாஸ் நாடக அரங்கு இன்னும் நிற்கிறது. அதன் கூம்பில் 36,000 ஓடுகளை பிரேசில் கொடியின் நிறங்களில் பதித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வடகிழக்கில் பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள். முதலாளியின் கடையில்தான் அரிசியும் கத்தியும் வாங்க வேண்டும், கடன் தீரவே தீராது. இதை நான் சொல்லச் சொல்ல அவள், "எங்க தோட்டத்துக் கங்காணி கதை மாதிரியே இருக்கு" என்றாள்.

பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து நோட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். மூன்றே இடம்: ரியோ, இகுவாசு, மனாஸ். மொத்தம் 15 நாள். பாண்டனாலை விட எனக்கு மனசு வரவில்லை. "அடுத்த தடவை" என்றாள். அடுத்த தடவை கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் வயதில் வசதி என்பது பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் இல்லை. ஏற வேண்டிய படிகளைக் குறைப்பது. போய் இறங்கியதும் ஒரு நாள் எங்கேயும் போகாமல் படுத்திருப்பது. முதலில் போட்ட 29 லட்சம் கணக்கில் இந்த இரண்டும் இல்லை. இப்போது ரியோவில் நாலு இரவு, அதில் முதல் நாள் முழு ஓய்வு. இகுவாசுவில் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டல். விலை அதிகம்தான், ஆனால் வாசலில் இறங்கினால் அருவி. மற்றவர்களுக்குப் பூங்காக் கதவு திறக்கும் முன்பே போய்ப் பார்த்துவிடலாம். அர்ஜென்டினா பக்கம் போக வேறு விசா வேண்டும், அதை விட்டுவிட்டோம். அருவியின் முழு விரிவும் தெரிவது பிரேசில் பக்கத்திலிருந்துதான். மனாஸில் ஒரு நாள், பிறகு நீக்ரோ ஆற்றங்கரைக் காட்டு விடுதியில் மூன்று இரவு. அந்த ஆற்றுத் தண்ணீர் டீ டிகாஷன் நிறம், புளிப்புத் தன்மை உள்ளது, அதனால் கொசு குறைவு. எல்லாம் சேர்த்து 17 லட்சம். "மிச்சம் அஞ்சு லட்சம் என் முழங்கால் ஆபரேஷனுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு முள் பாக்கி இருந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. நம் நாட்டில் இந்த நோய் இல்லை, ஆனால் பரப்புகிற கொசு இருக்கிறது. அதனால் பிரேசிலிலிருந்து திரும்பும்போது ஊசிச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே அடைத்துவைப்பார்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எங்கள் டாக்டர் மழுப்பாமல் சொன்னார். அவள் மூட்டுவலிக்கு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், முட்டை ஒவ்வாமை உண்டா என்று துருவிக் கேட்டு, ரத்தமும் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் சொன்னேன்: "வேண்டாம்மா. வேற நாடு பாக்கலாம். ஜப்பான் போவோமே."

"எங்க அப்பத்தா விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல புலி இருக்கிற காட்டோரமா போச்சு. நான் ஒரு ஊசிக்குப் பயப்படவா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "டாக்டர் வேண்டாம்னா வேண்டாம். அவர் சரின்னா நீங்க தடுக்கக் கூடாது" என்றாள்.

டாக்டர் சரி என்றார். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் இருவரும் போட்டுக்கொண்டோம். அடுத்த வாரத்தில் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு ராத்திரியும் நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அருவியும் வேண்டாம், ஆறும் வேண்டாம், இவள் எழுந்து ஒரு காபி போட்டால் போதும் என்று இருந்தது. மூன்றாம் நாள் எழுந்தாள். காபி நான்தான் போட்டேன். அந்த மஞ்சள் புத்தகம் பத்தாம் நாளிலிருந்து ஆயுசுக்கும் செல்லும்.

இப்போது தினம் சாயங்காலம் போர்ச்சுகீசிய மொழிப் பாடம் நடக்கிறது. பாதி நமக்குத் தெரிந்ததுதான். சாவியை அங்கே "ஷாவி" என்கிறார்கள். ஜன்னல் "ஜனேலா", மேசை "மேசா", அலமாரி "அர்மாரியு". எல்லாம் போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன வார்த்தைகள். சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. சோறு, கறுப்பு பீன்ஸ், மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளிக்குப் பிறந்த வீடே அந்தக் கண்டம்தான். ஒன்று மட்டும் கவனம்: "கார்னி வேண்டாம்" என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் அர்த்தம். கோழி வந்து நிற்கும். கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

ஜூன் 22 புறப்பாடு. நேற்று பெட்டியில் என்னென்ன வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னாள். அப்பத்தாவின் பால் மங்கு. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் சின்னப் பீங்கான் கிண்ணம், விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது. பழைய பருத்திச் சேலையில் சுற்றி என் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"சும்மா. வரட்டும்" என்றாள்.

எடை பார்த்தேன். அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. போய் வந்து எழுதுகிறேன்.