விசில் தவறிப் போனால்...

"கேலிக் கால்பந்து" என்று நான் சொன்னதும் எங்கள் ஹாஸ்டல் ரூமில் ஒருத்தன் கேட்டான்: "யாரைடா கேலி பண்ற கால்பந்து அது?"

கேலியும் இல்லை, கிண்டலும் இல்லை நண்பர்களே! அயர்லாந்து நாட்டின் சொந்த விளையாட்டு அது. கிரிக்கெட் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத நம்மவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று ஆண்டு மலர் ஆசிரியர் குழுவே கேட்டது. போன வருஷ இன்டர்-டிபார்ட்மென்ட் ஃபுட்பால் மேட்ச்சில் விசில் ஊதியவன் நான். மைதானத்தின் மூன்று பக்கமிருந்தும் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை நேரில் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும். (அது பெனால்டிதான். இன்றைக்குக் கேட்டாலும் பெனால்டிதான்!)

என் அத்தை அயர்லாந்தில் லவுத் மாவட்டத்தில், ட்ராஹெடா என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறார். போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா மதுரைக்காரர். போன புதிதில், "பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறானுக, இது ஒரு ஃபுட்பாலா?" என்று சிரித்தவர், இப்போது லவுத்தின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் டி.வி. முன்னால் உட்காருகிறார். அத்தை மகன் உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் போனில் சொன்னது; மீதி நானாகத் தேடிப் படித்தது.

ஆட்டம் இதுதான். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது கால் விரலால் தட்டிக் கைக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. 1-12 என்று எழுதியிருந்தால் 1 கோல், 12 பாயின்ட், மொத்தம் 15. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

1884-இல் தர்லஸ் என்ற ஊரின் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இன்றுவரை இதை நடத்துகிறது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது! 82 ஆயிரம் பேர் உட்காரும் டப்ளின் க்ரோக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஆடியவன், திங்கட்கிழமை காலையில் வாத்தியாராகவோ எலக்ட்ரீஷியனாகவோ வேலைக்குப் போகிறான். நல்ல ஆட்டக்காரனைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்குத்தான் ஆட்டம்.

ஏலம் இல்லை, விலை இல்லை, அப்படியானால் எல்லா அணியும் சமம்தானே என்று தோன்றும். அங்கேதான் சங்கடம். டப்ளின் மாவட்டத்தில் 14 லட்சத்துக்கு மேல் ஜனம். லீட்ரிம் மாவட்டத்தில் சுமார் 35 ஆயிரம். இருவரும் 15 பேரைத்தான் இறக்க வேண்டும். 14 லட்சத்தில் 15 பேரைப் பொறுக்குவதும் 35 ஆயிரத்தில் பொறுக்குவதும் ஒன்றா? நம் காலேஜில் முந்நூறு பேர் இருக்கிற மெக்கானிக்கலும் அறுபது பேர் இருக்கிற டிபார்ட்மென்ட்டும் மோதுவதை நினைத்துப் பாருங்கள். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அகில அயர்லாந்துக் கோப்பை டப்ளினுக்கே போனது. லென்ஸ்டர் மாகாணக் கோப்பையோ 2011 முதல் 2024 வரை, பதினான்கு வருஷம்! லவுத்தும் லென்ஸ்டர்தான். 2023 மாகாண இறுதி ஆட்டத்தில் டப்ளின் அவர்களை 21 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது. "பாதியிலேயே டி.வி.யை அமத்திட்டேன்" என்றார் மாமா.

ஆனால் ஆள்பலத்தால் தோற்பதை ஊர் ஒருவாறு ஜீரணித்துக்கொள்கிறது. ஜீரணமாகாதது வேறொன்று.

2010 ஜூலை 11. க்ரோக் பார்க். லென்ஸ்டர் இறுதி ஆட்டம். லவுத்துக்கும் மீத்துக்கும் போட்டி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாவட்டம். ட்ராஹெடாவின் தெற்கு ஓரத்தைத் தாண்டினால் மீத். லவுத் இந்தக் கோப்பையைக் கடைசியாகத் தொட்டது 1957-இல். 53 வருஷம்! ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிஷங்கள் ஓடுகின்றன. லவுத் 1 புள்ளி முன்னால். கோல் வாயில் ஒரே தள்ளுமுள்ளு. மீத் வீரர் ஜோ ஷெரிடன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுகிறார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டோ எறிந்தோ கோல் போடக் கூடாது என்பது பால பாடம். ஆனால் பச்சைக் கொடி அசைந்துவிட்டது. கோல்! மீத் 1-12, லவுத் 1-10. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15-க்கு 13.

விசில் ஊதியதும் ஆத்திரத்தில் ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நடுவரைப் பிடித்துத் தள்ளினார்கள். போலீஸ் காவலில் அவரை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான்; நான் எழுதப் போவதில்லை. அங்கே நடுவருக்கும் அது பிழைப்பு இல்லை. கோல் கம்பத்தின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற நாலு அம்பயர்களும் பெரும்பாலும் நடுவர் தானே கூட்டிவருகிற சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள். எண்பதாயிரம் தொண்டைகளுக்கு நடுவில் அரை விநாடியில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நாம் லேபில் வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று தடவை ரீடிங் எடுத்து, அப்புறமும் பக்கத்து பெஞ்ச்காரன் நோட்டை எட்டிப் பார்க்கிறோம்!

மெஷின் வைத்தால் சரியாகிவிடுமே என்பீர்கள். வைத்தார்கள். 2013-இல் க்ரோக் பார்க்கில் ஹாக்-ஐ வந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே மேலே போனதா, வெளியே போனதா என்று மட்டும் சொல்லும். ஷெரிடன் கோல் மாதிரியான தள்ளுமுள்ளு அதன் கண்ணுக்குத் தெரியாது. அந்த மெஷினும் 2022 அரையிறுதியில் கால்வே வீரர் ஷேன் வால்ஷ் அடித்த நல்ல பாயின்ட்டை 'வெளியே' என்று சொல்லிவிட்டது. இடைவேளையில் கால்வேக்கு அந்தப் புள்ளியைச் சேர்த்தார்கள்; மறுநாள் அரையிறுதிக்கு மெஷினை ஓரம்கட்டி வைத்தார்கள். கேலிபரேஷன் பற்றி நம் மெட்ராலஜி சார் கத்துவதெல்லாம் சும்மா இல்லை.

2010-க்கு வருவோம். கோல் கொடுத்தது தப்பு என்று நடுவர் ஒப்புக்கொண்டார். சரி, மறு ஆட்டம்தானே? அங்கேதான் சங்கம் கையை விரித்தது. மறு ஆட்டத்துக்கு உத்தரவிட எங்களுக்கு அதிகாரம் இல்லை, மீத் தானாக முன்வந்தால் ஆடலாம் என்றது. மீத் வரவில்லை. கோப்பை மீத்துக்கே. லவுத் அடுத்த ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. மீத்தும் காலிறுதியைத் தாண்டவில்லை. யாருக்கும் இனிக்காத கோப்பை!

மாமா இன்றைக்கும் மீத் பெயரைக் கேட்டால் முகம் சிவப்பார். "லேய்ஷைப் பார்டா" என்பார். 1995-இல் இதே லென்ஸ்டர் போட்டியில் லேய்ஷும் கார்லோவும் மோதின. வெளியே போன பந்தைப் பாயின்ட் என்று அம்பயர் கொடியசைக்க, லேய்ஷ் 1 புள்ளியில் ஜெயித்தது. வீடியோவில் உண்மை தெரிந்ததும் லேய்ஷ் தானாகவே "வாங்க, திரும்ப ஆடலாம்" என்று கார்லோவைக் கூப்பிட்டது. ஆடினார்கள். அதிலும் லேய்ஷே ஜெயித்தது. "ஆம்பளைங்கடா!" என்பார் மாமா. ("பொம்பளைங்களா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பாங்க" என்பார் அத்தை அடுக்களையிலிருந்து.)

எனக்கு மாமாவோடு முழு உடன்பாடு இல்லை. லேய்ஷ் செய்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்தவனின் பெருந்தன்மையை நம்பி ஒரு விதிப் புத்தகம் எழுதலாமா? சங்கம் எடுக்க வேண்டிய முடிவை, வருஷம் பூரா சம்பளமில்லாமல் ஓடி உழைத்த பையன்கள் தலையில் கட்டிவிட்டு, "நீ நல்லவனா, கெட்டவனா, நீயே சொல்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? மீத் பையன்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சட்டத்தின் மீதுதான் வருகிறது.

இதைச் சொன்னால் மாமா உடனே 2023-ஐ எடுத்து வீசுவார். அந்த ஜனவரியில் அகில அயர்லாந்து கிளப் இறுதி ஆட்டம்; டப்ளினின் கில்மகட் க்ரோக்ஸ் கிளப்பும், டெர்ரி மாவட்டத்து மஹெரா ஊரின் க்ளென் கிளப்பும் ஆடின. கடைசி நிமிஷத்தில் ஆள் மாற்றியபோது வெளியேற வேண்டியவர் வெளியேறவில்லை. 15 பேருக்கு மேல் மைதானத்தில் நிற்க, கடைசிப் பந்து ஆடப்பட்டது. க்ரோக்ஸ் 2 புள்ளியில் ஜெயித்தது. க்ளென் ஆட்சேபம் கொடுத்தது. இந்த முறை சட்டம் பேசியது: மறு ஆட்டம் என்று உத்தரவு. க்ரோக்ஸ் அப்பீல் போனது. கேஸ் மேல் கேஸ் என்று இழுக்கும் என்று எல்லோரும் நினைத்தபோது க்ளென் தானாகவே விலகிக்கொண்டது! அடுத்த வருஷம், 2024 ஜனவரியில், அதே க்ளென் அதே கோப்பையை மைதானத்தில் ஜெயித்து வாங்கியது. "சட்டம் இருந்தும் என்னடா ஆச்சு?" என்பார் மாமா. அந்த இடத்தில் என்னிடம் பதில் குறைவுதான். ஆனாலும் உத்தரவு ஒன்று இருந்ததால்தான் வேண்டாமென்று சொல்லும் உரிமை க்ளென் கைக்கு வந்தது. 2010-இல் லவுத்துக்கு அந்த உரிமைகூட இல்லை.

2025-இல் விதிகளையே புரட்டிப் போட்டார்கள். அதற்கான குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? டப்ளினுக்குத் தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜர் ஜிம் கேவின்! 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி என்பது எல்லோரும் பேசுவது. எனக்குப் பிடித்தது வேறு. நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்ததும் பந்து வைத்திருப்பவன் அதை எதிரணிக்காரனிடம் மரியாதையாக ஒப்படைக்க வேண்டும், அல்லது அங்கேயே கீழே போட வேண்டும். பந்தைத் தூர எறிந்தாலோ நடுவரோடு வாக்குவாதம் செய்தாலோ கிக் 50 மீட்டர் முன்னால் போய்விடும். கோலுக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டால், அடிப்பவன் விரும்பினால் வளைவுக்கு வெளியே கொண்டுவந்து 2 புள்ளிக்கும் அடிக்கலாம். நடுவரோடு பேச வேண்டுமா? கேப்டன் மட்டும்தான். அத்தை மகன் சொல்கிறான்: "முதல் ரெண்டு மேட்ச்ல எல்லாரும் வாயைக் குடுத்து மாட்டினாங்க. மூணாவது மேட்ச்ல கிரவுண்டே அமைதியாயிடுச்சு."

அதே 2025-இல், மே 11-ஆம் தேதி, க்ரோக் பார்க்கில் லென்ஸ்டர் இறுதி ஆட்டம். டப்ளினை அரையிறுதியிலேயே மீத் வீழ்த்தியிருந்தது. எதிரே லவுத்! லவுத் 3-14, மீத் 1-18. அதாவது 23-க்கு 21. அதே 2 புள்ளி. இந்தத் தடவை யாரும் எந்தக் கொடியைப் பற்றியும் பேசவில்லை. 68 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. அந்த அணியை நடத்தியவர் கெர் பிரென்னன், டப்ளின்காரர். ஆட்டக்காரனை வாங்க முடியாது, மேனேஜர் மட்டும் எங்கிருந்தும் வரலாம்! (அந்த வருஷமே டப்ளின் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது வேறு கதை.) மாமா அன்று ராத்திரி போன் செய்தார். பேசவே இல்லை. பின்னால் தெருவில் கார் ஹாரன் சத்தம்தான் கேட்டது.

இப்போது நம் கிரவுண்டுக்கு வருகிறேன். அந்தப் பந்தை ஒப்படைக்கும் விதி, கேப்டன் மட்டும் பேசும் விதி, இரண்டையும் நம் இன்டர்-டிபார்ட்மென்ட் லீக்கில் கொண்டுவர வேண்டும் என்று மாணவர் சங்க விளையாட்டுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 50 மீட்டர் நம் கிரவுண்டுக்கு அதிகம். பத்து எட்டு என்று திருத்தியிருக்கிறேன். நடுவர் முடிவு தப்பு என்று நிரூபணமானால் மறு ஆட்டத்தை முடிவு செய்வது ஜெயித்த டிபார்ட்மென்ட் இல்லை, மூன்று பேர் கமிட்டி என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னைப் பார்க்கலாம். போன வருஷம் கோல் போஸ்ட் பின்னால் நின்று என்னைத் திட்டியவர்களும் வரலாம். பேனா நானே தருகிறேன்.