யாழ். பொது நூலகத்தில் ஒரு பகல்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக அறிந்திருக்கிறோம். அம்மம்மாவுக்கு அது புத்தகம் இரவல் எடுத்த இடம். அம்மாவுக்கு அது கரி படிந்து, யன்னல்கள் இல்லாமல் நின்ற ஒரு கட்டடம். எனக்கோ படங்களில் பார்த்த வெள்ளை மாளிகை. கடந்த தவணை விடுமுறையில்தான் அம்மாவும் நானும் முதன்முதலாக அதன் உள்ளே போனோம்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறேன். தமிழ், இந்து நாகரிகம், புவியியல் ஆகியவை என் பாடங்கள். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. 2006 இல் பிறந்தவள் என்பதால் யுத்தம் முடிந்தபோது எனக்கு மூன்று வயது. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. 2009 ஏப்ரலுக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

காலையில் பஸ் ஏறினால் விசுவமடு, தர்மபுரம் கடந்து பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியைப் பிடிக்கலாம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புப் பாத்திகள், அள்ளிக்கொண்டு போகிற காற்று. முகமாலையில் எத்தனையோ வருடங்களாக மிதிவெடி அகற்றினார்கள். பெண்களும் அந்த வேலையைச் செய்தார்கள். எங்கள் ஊர் அக்காமாரும் அதில் இருந்தார்கள். கொடிகாமம், சாவகச்சேரி வரைக்கும் அம்மா யன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் வாய் திறந்தார்.

"இதாலைதான் வந்தனாங்கள்."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். மழை, இருட்டு, காலெடுத்து வைக்க இடமில்லாத சனம். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. அந்த டிசெம்பரில் அவர் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவர். புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டுதான் நடந்தாராம். தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்து, பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தார்கள். பரீட்சை அதோடு போயிற்று. இதை வாசிக்கிற அம்மாமாரில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பாலமும், எழுதாத ஒரு பரீட்சையும் இருக்கும்.

யாழ். பஸ் நிலையத்தில் இருந்து நூலகத்துக்கு நடந்தே போகலாம். சுப்பிரமணியம் பூங்காவையும் தாண்டினால் வாசலில் வீணையோடு சரஸ்வதி இருக்கிறா. பின்னால் வெள்ளைக் கட்டடம். அதன் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் நின்றோம். சுற்றுலா வந்த சிங்களக் குடும்பம் ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. தங்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரும்படி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

இந்த நூலகம் அரசாங்கம் தொடங்கியதல்ல. 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களும் வாசிக்கக் கொடுத்ததில்தான் இதன் தொடக்கம். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தது. பிறகு சனம் காசு சேர்த்தது. சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் கட்டடத்தை வரைந்து கொடுத்தார். நூலகத்துறையில் பெரும் பெயர் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். லோங் அடிகளார் ஓடித்திரிந்து உதவினார். 1959 இல் இந்தக் கட்டடம் திறக்கப்பட்டது.

1981 மே 31 ஆம் திகதி இரவு தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டார் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வார்கள். எண்பதுகளில் ஒரு பகுதியைத் திருத்தினார்கள், சண்டையில் அதுவும் சேதமாயிற்று. இப்போது நாங்கள் பார்க்கிற நூலகம் 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் திருப்பிக் கட்டி முடிக்கப்பட்டது.

எங்கள் அம்மம்மா கொட்டடியில் தையல் தைத்துக்கொண்டே கிழமைக்கு இரண்டு புத்தகம் வாசித்தவர். எரிந்த அன்று நூலகத்துப் புத்தகம் ஒன்று அவரிடம் வீட்டில் இருந்தது. மு. வரதராசனின் 'அகல் விளக்கு'. திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் பதினான்கு வருடம் றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்தார். 1995 இல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. வீடு இழந்ததைவிட அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் கடைசிவரை கூடுதலாகக் கதைத்தார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. சின்னப் பிள்ளை.

உள்ளே போனதும் குளிர்மை. பத்திரிகைப் பகுதியில் வயதான ஐயாமார் இருந்தார்கள். மேசைகளில் என் வயதுப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை விரித்து வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ரியூசன் வகுப்பு விட்டால் வேறு இடமில்லை. இப்படி ஒரு மேசை கிடைத்தால் எங்கள் பிள்ளைகளும் எவ்வளவு படிப்பார்கள் என்ற எண்ணம் வராமல் இல்லை.

ஈழத்து இலக்கியம் என்றால் ஆண்கள் எழுதியது என்றே நான் நினைத்திருந்த காலம் உண்டு. 1914 இலேயே மங்களநாயகம் தம்பையா என்ற பெண் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை எழுதிவிட்டார் என்று எங்கள் ரீச்சர்தான் சொன்னார். கணவன் வீட்டில் துன்பப்படுகிற ஒரு பெண்ணின் கதை அது. நூறு வருடத்துக்கு முந்திய கதையை இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் பார்க்கலாம். 1986 இல் பெண்கள் எழுதிய கவிதைகளைச் சேர்த்து 'சொல்லாத சேதிகள்' என்று யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு வந்தது. குண்டுச் சத்தத்துக்குள் இருந்து அவர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணம் போக வசதியில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் காசில்லாமல் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். ஆனாலும் பழைய தாளின் மணம் அதில் வராது.

நான் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது புறநானூறு. உரையோடு கூடிய புத்தகத்தை எடுத்து வந்து 112 ஆவது பாட்டைப் பிரித்து அம்மாவின் பக்கம் தள்ளினேன். பாரியின் பெண்பிள்ளைகள் பாடியது, ஐந்தே வரி. மூன்று அரசர்கள் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள். தகப்பனும் போனான், மலையும் போயிற்று. ஒரு மாதம் கழித்து வந்த நிலவில் அந்தப் பிள்ளைகள் இந்த இரண்டையும் நினைக்கிறார்கள். அழுதோம் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. வென்றவர்களைத் திட்டவும் இல்லை. அம்மா விரலால் தொட்டுத் தொட்டு உரையை வாசித்தார்.

"பிறகு அந்தப் பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"

தகப்பனின் நண்பர் கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தலைவனிடமும் போய், திருமணம் செய்யும்படி கேட்டதையும், மறுத்த இருங்கோவேள் மீது கபிலர் கோபமாகப் பாடியதையும் சொன்னேன்.

"தேப்பன் இல்லாத பிள்ளையள் எண்டால் அப்பவும் உப்பிடித்தான்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அஞ்சு வரியிலை சொல்லிப்போட்டுதுகள். நான் இவ்வளவு வருசமா ஒவ்வொரு கந்தோரிலையும் பக்கம் பக்கமாச் சொல்லிக்கொண்டு திரியிறன்" என்றார்.

அப்பாவைப் பற்றிய கோவையை அம்மா எந்தப் பயணத்துக்கும் கொண்டுபோவார். அன்றும் அது கைப்பையில் இருந்தது. ஆனால் அந்த மேசையில் வைத்து அவர் எனக்குச் சொன்னவை கோவையில் இல்லாதவை. அப்பா சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாராம். எனக்குப் பெயர் வைக்க மூன்று நாள் புத்தகம் தேடினாராம். இதையெல்லாம் அதுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை.

கலைப்பிரிவு எடுத்ததற்காக என்னைப் பேசாதவர்கள் குறைவு. தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய், ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் மாதம் முடியச் சம்பளம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் போராட்டம் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். வீட்டில் ஒரு சம்பளம்கூட இல்லாதபோது இலக்கியம் வயிற்றை நிரப்பாது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் என் கணக்கும் ஒன்று இருக்கிறது. வெட்டுப்புள்ளி கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ். கிடைக்காவிட்டால் கோப்பாயிலோ வவுனியாவிலோ உள்ள கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பேன். மூன்று வருடத்தில் ஆசிரியர் டிப்ளோமா. அதுவும் சரிவராவிட்டால் தையல் மெசின் இருக்கிறது, அம்மம்மாவும் தைத்துக்கொண்டேதான் வாசித்தவர். எங்கள் ஊரில் சொல்லாத கதைகளோடு இருக்கிற அம்மாமார் கன பேர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதற்கும் தமிழ் படித்த ஒருத்தி வேண்டும்தானே.

பின்னேரம் பஸ்ஸுக்காக நின்றபோது கச்சான் வாங்கினோம். அம்மா கேட்டார், "ஓ.எல். சோதினை இந்த வயசிலையும் எழுதலாமோ பிள்ளை?"

எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவதற்கு வயது ஒரு தடையில்லை. விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப வேண்டும், தேசிய அடையாள அட்டை இருந்தால் போதும் என்று ரீச்சரிடம் தொலைபேசியில் கேட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது நாற்பத்தைந்து கடந்துவிட்டது. தமிழும் சமயமும் வரலாறும் பயமில்லை என்கிறார். தமிழுக்கு நானே இரவில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன். கணிதத்துக்குத்தான் ஆள் தேடுகிறோம்.