உங்க சர்நேம் என்னங்க?

நமக்குப் பொழப்பு ஈ.ஆர்.பி. ஆணி புடுங்குறது. சொந்த ஊர் பெரம்பலூர்ங்கிறதால, அரியலூர் பக்கம் ஒரு ஆலைக்கு (பேரு வேணாமே) தொழிலாளர் விவரங்களைக் கணினியில ஏத்துற வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டாங்க.

திரையில முதல் பெயர், நடுப்பெயர், சர்நேம்னு மூணு கட்டம். சர்நேம் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாம சேவ் ஆகாது. நம்மாளுங்கள்ல பாதிப் பேருக்கு ஏதுங்க சர்நேம்? இனிஷியல்தானே! ஒரு கிளார்க் அந்த ஒத்தை எழுத்தைப் போட்டார். இன்னொருத்தர் அப்பா பேரை முழுசாப் போட்டார். மூணாமவர் ஒரு புள்ளி வச்சு சேவ் பண்ணிட்டார். கில்லாடி :-)

சிரிப்பெல்லாம் பி.எஃப். பணம் எடுக்கப் போற வரைக்கும்தான். ஆதார்ல ஒரு பேர், கம்பெனிப் பதிவுல ஒரு பேர்னா விண்ணப்பம் திரும்பி வரும். பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் கேட்டு வந்த ஒரு பெரியவர், "பொறந்ததுலேர்ந்து எம்பேரு இதாம்ப்பா"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னார்.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லீங்க. சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளுக்கு ஈ.ஆர்.பி. வந்த கதையை சோ, சியா, டே-யாப்னு மூணு பேர் 2000-ல கட்டுரையா எழுதினாங்க. அங்கயும் மேல்நாட்டுப் பெயர் முறைதான். சீன, மலாய், இந்தியப் பேருங்களை எந்தக் கட்டத்துல போடுறதுன்னு ஊழியர்கள் குழம்பியிருக்காங்க.

முகவரி இன்னும் கூத்து. அரியலூர்க்காரர் வீடே மாறலை. ஆனா திருச்சி மாவட்டத்துல இருந்தவர் 1995-ல பெரம்பலூர், 2001-ல அரியலூர், 2002-ல திரும்பப் பெரம்பலூர், 2007-ல மறுபடி அரியலூர்!

சரி, புள்ளி வச்சா வம்புன்னு தெரிஞ்சும் ஏன் மேல சொல்லலைன்னு கிளார்க்கைக் கேட்டேன். "மேனேஜர் இன்னைக்குள்ள முடிக்கச் சொன்னாருங்க. நாம என்னத்தைச் சொல்றது?" ஹாஃப்ஸ்டெட்ங்கிற டச்சு ஆய்வாளர் ஐ.பி.எம். ஊழியர்கள்கிட்ட எடுத்த கருத்துக்கணிப்பை வச்சு இதைத்தான் 'அதிகார இடைவெளி'ன்னு அளந்தார். இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40.

அதுக்காக 'நம்ம கலாச்சாரமே அப்படி'ன்னு கைகழுவுறதுல எனக்கு உடன்பாடில்லை. கிளார்க் வாயைத் திறக்கலைங்கிறது பாதிக் கதை. நட்சத்திரம் போட்டவங்க அவரைக் கேக்கவே இல்லைங்கிறது மீதிக் கதை. மேனேஜர் இல்லாத நேரமா டீ வாங்கிக் குடுத்துக் கேட்டேன், பத்தே நிமிஷத்துல அத்தனை சிக்கலையும் வரிசையாச் சொன்னாங்க. இப்போ அங்க ஒரே கட்டம்தான்: 'முழுப்பெயர், ஆதாரில் உள்ளபடி'. பழைய பதிவுகளை ஒவ்வொண்ணாத் திருத்திட்டு இருக்கோம். பெரியவரோடதுதான் முதல்ல.