அவ்வா கொடுத்த ஒரு கூடை மண்

என் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் என்றதும், "ரோஜாப்பூ விளையும் ஊர், வெயிலே தெரியாது" என்று எல்லோரும் ஆசை காட்டினார்கள். மூக்கண்டப்பள்ளியில் குடியேறிய பிறகுதான் நிலவரம் புரிந்தது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள். இன்னொரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். ஏறக்குறைய 3,000 அடி உயரம் என்பதால் காற்று மட்டும் சிலுசிலுவென்றுதான் இருக்கிறது. தனிப் பஞ்சாயத்தாக இருந்த ஊர், இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் அடக்கம். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மூச்சில் காதில் விழும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி, நாலு ரோஜா வைத்தேன். ஒன்றும் தேறவில்லை. வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லியும் சிமெண்டும் செம்மண்ணோடு சேர்ந்து பாறையாய் இறுகியிருந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குட்டையாய்த் தேங்கி நிற்கும். மண்புழு விட்டால் மண் மாறிவிடும் என்று யாரோ சொல்ல, சித்திரை வெயிலில் ஒரு கிலோ புழு விலைக்கு வாங்கிக் கொல்லையில் விட்டேன். நாலாம் நாள் கொத்திப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அத்தனை உயிர்கள் வீணாய்ப் போயினவே என்று மனசு கேட்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில், ஒரு தொழிற்சாலை மதிலை ஒட்டி அரை ஏக்கர் நிலம் பாக்கி இருக்கிறது. கேழ்வரகும் நடுநடுவே அவரையும் போடுகிற ஒரு தெலுங்குப் பாட்டியின் நிலம். ஊரே அவரை 'அவ்வா' என்றுதான் கூப்பிடும். அவரைக்காய் வாங்கப் போனபோது என் கதையைச் சொன்னேன். அவ்வா சிரித்துவிட்டார்.

"காசு குடுத்து வானபாமு வாங்கினியா? பட்டினி கிடக்கற வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டா தங்குவாங்களா அம்மா? முதல்ல மண்ணுக்குச் சோறு போடு!"

தெலுங்கில் வானபாமு, அதாவது மழைப் பாம்பு. கன்னடத்தில் எரெஹுளு. நம் தமிழில் நாங்கூழ். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில் (1891) ஒரு பாத்திரம் வயல்வெளியில் நின்று இந்தப் புழுவின் உழைப்பை வியந்து போற்றும். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1881ல், டார்வின் மண்புழுவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேல் மண், புழுக்களின் வயிற்றுக்குள் புகுந்து வெளிவருகிறது என்று கணக்கிட்டவர் அவர்.

நான் செய்த தவறு படித்த பிறகுதான் விளங்கியது. உரத்தொட்டிக்கென்று பெரும்பாலும் விற்கப்படுவது ஆப்பிரிக்க, ஐரோப்பிய இனப் புழுக்கள். அவை சாணத்திலும் சருகிலும் வாழ்பவை. வெறும் மண்ணில் விட்டால் பிழைக்காது. மண்ணைத் துளைத்து வாழும் புழுக்கள் வேறு. சென்னை மண்புழு ஆராய்ச்சியாளர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில், அந்தந்த ஊர் மண்ணிலேயே உள்ள நாட்டுப் புழுக்களே போதும் என்று பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருபவர்.

மண்புழுவுக்குப் பல் கிடையாது, கண் கிடையாது. தோலால்தான் மூச்சு விடுகிறது. அதனால் ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும். அது போகிற வழியெல்லாம் மழைநீர் இறங்குகிறது, காற்று புகுகிறது, வேர் ஓடுகிறது. அதன் எச்சத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் செடி எடுத்துக்கொள்ளும் பக்குவத்தில் இருக்கின்றன. (இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது வெறும் கதை. மண்வெட்டியை மெதுவாகவே போடுங்கள்!) உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளை 2014ல் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மண்புழு உள்ள மண்ணில் விளைச்சல் சராசரியாக 25 சதவிகிதம் கூடியிருந்ததாம். ஆனால் அறுவடையான தாளும் தட்டையும் நிலத்துக்கே திரும்பிய இடத்தில்தான் பலன் அதிகம். அவ்வா சொன்ன 'சோறு' அதுதான்!

அன்றிலிருந்து கொல்லையைச் சருகாலும் காய்கறித் தோலாலும் மூடி வைத்தேன். நன்றாக மக்கிய சாணம் போட்டேன்; பச்சைச் சாணம் சூடு, புழுவுக்கு ஆகாது. எண்ணெய், ஊறுகாய், எலுமிச்சைத் தோல் எதையும் போடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். இப்படி மூன்று மாதம்.

ஆவணியில் நல்ல மழை பெய்த மறுநாள் அவ்வா வந்தார். இடுப்பில் ஒரு கூடை மண், அதற்குள் நெளியும் புழுக்கள்.

"பிள்ளைங்க நிலத்தை வித்துடலாம்ங்கறாங்க. லைன் வீடு கட்ட ஆள் காத்துக்கிட்டிருக்கு. எனக்கு அப்புறம் இதுங்களை யார் பார்ப்பா? உன் வீட்டுல இருக்கட்டும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. சருகை விலக்கிக் கூடையைக் கவிழ்த்தோம். சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி மறைந்தன.

இப்போது குடம் தண்ணீர் ஊற்றினால் நிற்பதில்லை, கண்ணெதிரே உள்ளே போய்விடுகிறது. கறிவேப்பிலை துளிர்த்துவிட்டது. காலையில் செடியடியில் சின்னச் சின்ன மண் குவியல்களைப் பார்த்தால் அவ்வா ஞாபகம்தான். நிலத்துக்கு இன்னும் பேரம் நடக்கிறது. முதல் கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து அவருக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலையை ஒதுக்கிவிட்டு, காம்பில் ஒட்டியிருந்த மண்ணைத்தான் அவ்வா முதலில் முகர்ந்து பார்த்தார்.