விபூதிப் புதன்

நல்லூரில் நெற்றியில் நீறணிந்து செல்பவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கந்தசுவாமி கோயிலின் மணியோசை கேட்டுத் துயிலெழும் ஊர் அது. ஆனால் ஆண்டுக்கொரு முறை, தவக்காலம் தொடங்கும் புதன்கிழமையன்று, அவ்வூர் ஒழுங்கைகளில் வேறொரு நீறும் நடமாடும். முந்திய ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளை எரித்தெடுத்த சாம்பலால் கத்தோலிக்கக் குருவானவர் சிலுவையாக இட்ட நீறு அது. பழைய தலைமுறையினர் அந்நாளை விபூதிப் புதன் என்றே வழங்கினர். அயல்வீட்டுச் சொல்லை எடுத்தாள அவர்கள் கூச்சப்படவில்லை. வேறு சொல் தேடவேண்டும் என்றும் அவர்களுக்குத் தோன்றவில்லைப் போலும்.

இவ்விரு நீற்றையும் தம் நெற்றியில் அறிந்த தாயார் ஒருவர் அங்கு வாழ்ந்தார். சைவக் குடும்பத்திற் பிறந்தவர். மாலையில் விளக்கேற்றியதும் தந்தையார் மூன்று விரல்களால் மகளின் நெற்றியில் நீறு பூசிவிடுவது வழக்கம். 1958இல் அவர் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கர் ஒருவரை மணந்தார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே இரண்டு ஒழுங்கைகளே. எனினும் போக்குவரத்து அற்றுப்போயிற்று. 1964இல் தந்தையார் இறந்தார். செய்தி கொண்டுவந்தவர், "விருப்பமெண்டால் வரட்டாம்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் அவரைச் சுட்டது. வா என்றாற் போகலாம், விருப்பத்தைக் கேட்டால் எங்ஙனம் போவது என்று இருந்துவிட்டார். பறைமேளம் ஒழுங்கைமுனையைக் கடந்து செல்வதை அடுப்படியில் இருந்தபடியே கேட்டார். தந்தையாரின் சாம்பல் கீரிமலைக் கடலிற் கரைக்கப்பட்டதைப் பின்னர் பிறர் சொல்லி அறிந்தார்.

மணமான புதிதில் அவர் விபூதிப் புதனன்று நீறு பெற்றபோது குருவானவர் இலத்தீனில் உரைத்தார். சொல் விளங்கவில்லை, நீறு மட்டும் விளங்கிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–65) பின்னர் வழிபாடு தமிழுக்கு வந்தது. மனிதன் மண்ணானவன், மண்ணுக்கே மீள்பவன் என்பதை நினைவூட்டும் பழைய வாசகம் தமிழிற் காதில் விழுந்தபோது தந்தையாரின் நினைவு வந்தது. அது துயரந்தான், ஆயினும் தாங்கக்கூடியது. 1970ஆம் ஆண்டின் புதிய திருப்பலிப் புத்தகமோ அதற்குப் பதிலாக இன்னொரு வாசகத்தைச் சொல்லவும் இடமளித்தது. மனந்திரும்பி நற்செய்தியை நம்புமாறு பணிப்பது அது. எந்த ஆண்டில் எதனைச் சொல்வார் என்பது குருவானவரைப் பொறுத்தது. வரிசையில் நிற்கையில், பழையதே வரட்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொள்வாராம். சாவை நினைத்தல் அவருக்கு இயன்றது. அண்ணன் வீட்டுப் படலையைத் திறத்தல் இயலவில்லை. ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் மட்டும் ஒருபோதும் விட்டதில்லை. ஐம்பத்தொன்பது வயது நிறைந்தோருக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுதி கூறுவதை மகன் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. செய்யக்கூடியதை மிகுதியாகச் செய்து, செய்யவேண்டியதைத் தள்ளிவைக்கும் மனத்தை அவரே நன்கறிவார்.

அண்ணர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தழித்த ஊர் அது. 1822இல் ஆறுமுகநாவலர் பிறந்த ஊரும் அதுவே. "கோயிலை இடிச்சவங்கட வேதம்" என்பது அண்ணரின் வாயில் அடிக்கடி வரும். ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன்னே பெற்ற நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் (1875–1947) மானிப்பாயிற் சைவக் குடும்பத்திற் பிறந்தவரே என்று தங்கையின் கணவர் பதில் கூறியிருக்கலாம். அதனைக் கூறுவதற்கும் ஒரு பேச்சுவார்த்தை இருந்திருக்கவேண்டும். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் திருச்சபையின் மக்கள் கடந்த காலங்களிற் செய்த குற்றங்களுக்காக 2000 மார்ச் 12இல், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். நல்லூர்த் தாயார் அவருக்கு மூன்றாண்டுகள் முந்திக்கொண்டார்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது இரு குடும்பங்களும் ஒரே வீதியில், ஒரே கூட்டத்தில், ஒருவரையொருவர் காணாமலே தென்மராட்சிக்குச் சென்றன, 1996இல் மீண்டன. அடுத்த விபூதிப் புதன் 1997 பெப்ரவரி 12. குருவானவர் அன்று சொன்னது புதிய வாசகம். வீட்டுக்குத் திரும்பவேண்டிய முடக்கில் தாயார் திரும்பவில்லை.

படலையைத் திறந்த மச்சாள், நெற்றியைக் கண்டதும் கண்கலங்கினார்.

"சைவத்துக்கு வந்திட்டியளே, மச்சாள்?"

இல்லை என்று சொல்ல உடனே வாய் வரவில்லை. சொன்னபோது அவர் முகம் சற்று வாடிற்று. "எண்டாலும் உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

அண்ணர் சாய்மனைக்கதிரையில் இருந்தார்.

"ஐயாவின்ர செத்தவீட்டுக்கு வராதது என்ர பிழை, அண்ணை."

அவர் நெடுநேரம் பேசவில்லை. நெற்றியையும் பார்க்கவில்லை. பின்னர், "'அவளைக் கூட்டிக்கொண்டு வா' எண்டுதான் ஐயா கடைசியாச் சொன்னவர். விருப்பமெண்டால் வரட்டும் எண்டு சொல்லி அனுப்பினது நான்" என்றார்.

முப்பத்துமூன்று ஆண்டுகள். இருவரும் அழுததாகத் தெரியவில்லை.

மதியம் இலை போட்டபோது, "இண்டைக்கு நான் மச்சம் தின்னக்கூடாது" என்று தாயார் தயங்கினார்.

"இஞ்ச எண்டைக்கு மச்சம்?" என்று மச்சாள் சிரித்தார்.

முருங்கைக்காய்க் குழம்பும் கீரையும் வந்தன. அன்று ஒருநேரச் சாப்பாடே என்று அறிந்ததும் அண்ணர் மனைவியைப் பார்த்து, "அப்ப வடிவாப் போடு" என்றார்.