நேரலையும் கேள்வியும்

கேள்வி என்னுஞ் சொல் இக்காலத்திற் பெரும்பாலும் வினா என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. முற்காலத்திலோ அது செவியாற் கேட்டுணர்தலையே முதற்கண் குறித்தது. திருக்குறளின் 42-ஆம் அதிகாரம் கேள்வி என்றே பெயர் பெற்றது. கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்து அது நிற்றல் கருதத்தக்கது. பவுல் அப்போஸ்தலரும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் விசுவாசம் பிறக்கும் வாயிலாகச் செவியையே காட்டினார். அவ்விடத்தைத் தமிழாக்கியோரும் கேள்வி என்னும் இச்சொல்லையே எடுத்தாண்டனர்.

இப்பழஞ்சொல்லை யான் ஈண்டு நினைவூட்டியது ஒரு புதுத்தொழிலின் பொருட்டு. கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஆராதனையையோ கூட்டத்தையோ நேரலையாய் அனுப்புவோன் ஒருவனை நோக்குவோம். தான் அனுப்பும் படத்தை அவன் திரையிற் கண்டுகொண்டே இருக்கின்றான். முகம் மறைந்தால் கருவியை நகர்த்துகின்றான். வெளிச்சங் குன்றினால் விளக்கேற்றுகின்றான். ஆனால் தான் அனுப்பும் ஒலியை அவன் கேட்பதில்லை. அவன் செவியில் விழுவது காற்றின்வழி நேரே வருங் குரல். மைக்கின் வழியே கடல் கடந்து செல்வதோ பிறிதொரு குரல். இரண்டும் ஒன்றே என்று அவன் நம்பிவிடுகின்றான். நேரலையில் நேரும் குறைகளுட் பலவற்றிற்கு இந்நம்பிக்கையே வித்தாம்.

எமது ஊராகிய சாத்தூரில் இதனை யான் நன்குணர்ந்தது 2020-ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் 10-ஆம் நாள் வந்த பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தன. மும்மணி நேரத் தியான ஆராதனை கைப்பேசி வழியே வீடு தேடி வந்தது. எம் ஆச்சிக்குக் கண்பார்வை மங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆதலின் படத்தால் அவருக்குப் பயனில்லை, குரலொன்றே வேண்டியிருந்தது. அக்குரலோ மிடாவினுள்ளிருந்து எழுவது போன்று இரைச்சலோடு வந்தது. ஏழு வார்த்தைகளுள் ஒன்றேனும் தெளிவாய்க் கேட்கவில்லை. சிறிது பொழுது உற்றுக் கேட்ட ஆச்சி, “கண்ணுதான் போச்சுன்னு இருந்தேன், ஐயா, இப்போ காதும் போயிருச்சே” என்று கூறிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதன்பின் அன்று முழுதும் அவர் அதிகம் பேசவில்லை.

அவர் செவியிற் பழுதொன்றும் இல்லை. அடுக்களையிற் பால் பொங்கும் ஓசையை முற்றத்திலிருந்தே அறிபவர் அவர். பழுது இருந்தது கைப்பேசிக்கு நேர்மேலே சுழன்ற மின்விசிறியில். அதனை அனுப்பியவர்களைக் குறை கூறுதல் என் கருத்தன்று. அவர்கள் நற்பணியே செய்தனர். தாம் அனுப்புவது இன்னதென்று தம் செவியாற் கேட்கும் வழி அவர்கட்கு இல்லை. அதனால் பிறர் செய்த ஒரு சிறு குறையைத் தன் முதுமையின் குறையாக ஒரு மூதாட்டி ஏற்றுக்கொண்டார்.

நிற்க. கேட்டறிதல் இத்துணை அரிதாயிருத்தற்குக் காரணம் யாது? முதற் காரணம் கைப்பேசியின் அமைப்பு. பழைய கைப்பேசிகளில் 3.5 மி.மீ. அளவினதாய் ஒரே துளை இருந்தது. அதிற் செருகும் முனையில் நான்கு தொடுவாய்கள் உண்டு: இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று, பொதுவழி ஒன்று, மைக்குக்கு ஒன்று. காலர் மைக்கைச் செருகிய அளவில் அத்துளை அடைபடும், இயர்போனுக்கு இடமில்லை. ஒரு துளையை இரண்டாக்கும் பிரிப்பான் கடைகளிற் கிடைப்பினும், பல செயலிகள் நேரலையின்போது மைக்கின் ஒலியைத் திருப்பித் தருவதேயில்லை. 2016-இல் வெளிவந்த ஐபோன் 7-இல் அத்துளையே நீக்கப்பட்டது. பிற நிறுவனத்தார் பலரும் பின்னர் அவ்வழியே சென்றனர்.

இரண்டாவது காரணம் காலத்தாழ்வு. கைப்பேசி தான் பெற்ற ஒலியை எண்களாக்கி, மீண்டும் ஒலியாக்கித் தருதற்குள் ஒரு சிறு பொழுது கழியும்; புளூடூத் இயர்போனாயின் அப்பொழுது இன்னும் நீளும். பேசுவோன் தன் குரலையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி தாழ்த்துக் கேட்பானாயின் நாக்குழறித் தடுமாறுவான். இதனை அமெரிக்கராகிய பெர்னார்டு லீ என்பார் 1950-இல் ஆராய்ந்து எழுதினார். ஆகவே பிரசங்கிப்பவரே தம் நேரலையைத் தாமே கேட்டுத் திருத்துதல் இயலாது. பேசுவார் ஒருவரும் கேட்பார் ஒருவருமாக இருவர் வேண்டும். 1938-இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிய காலத்திலேயே இம்முறை வானொலித் தொழிலில் நிலைபெற்றிருந்தது: கண்ணாடிக்கு இப்பால் ஒருவர் பேச, அப்பால் ஒருவர் ஹெட்போன் அணிந்து கேட்டிருப்பார். நிலையம் முழுவதும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிய இந்நாளில், கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரை மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

அங்ஙனம் கேட்பவர் கேட்கவேண்டிய முறை இருவகைப்படும். இவற்றை யான் அண்மைக் கேள்வி, சேய்மைக் கேள்வி எனப் பெயரிட்டு வழங்குவேன். மைக்குக்கும் கைப்பேசிக்கும் இடையே ஒரு சிறு மிக்ஸரையோ, ஹெட்போன் துளையுள்ள யூ.எஸ்.பி. கருவியையோ வைத்து, கைப்பேசிக்குள் ஒலி புகுமுன்னரே கேட்பது அண்மைக் கேள்வி. இதிற் காலத்தாழ்வு அநேகமாய் இல்லை. குறை நேர்ந்த கணத்திலேயே திருத்தலாம். ஆயினும் ஒலி அக்கருவி மட்டும் வந்ததென்பதற்கே இது சான்று. மைக் செருகியிருப்பினும் கைப்பேசி அதனை ஏலாது தன் உள்மைக்கினாலேயே கேட்டுக்கொண்டிருத்தல் உண்டு. அப்போது காதில் தெளிவும் உலகிற்கு இரைச்சலுமாக முடியும்.

வேறொரு கைப்பேசியில் அந்நேரலையையே திறந்து கேட்பது சேய்மைக் கேள்வி. யூடியூப் போன்றவற்றில் ஒலி சில விநாடி முதல் அரை நிமிடம் வரையிலும் பிந்தி வரும். ஆதலின் உடனுக்குடன் திருத்த இது உதவாது. எனினும் தொலைவிலிருப்பார் கேட்பது இதுவேயாதலால் உண்மை இதன்பால் உள்ளது. இதனை மைக்கினின்றும் விலகியிருந்தோ இயர்போன் வழியாகவோ கேட்டல் வேண்டும். இன்றேல் பிந்திய குரல் மீண்டும் மைக்கிற் புகுந்து எதிரொலிக்கும். அண்மைக் கேள்வி விரைவுடையது, ஆனால் பாதியே அறிவது. சேய்மைக் கேள்வி முழுதும் அறிவது, ஆனால் பிந்துவது. ஒன்றை மற்றொன்றிற்கு ஈடாகக் கொள்ளலாகாது.

இக்கருவிகள் வாங்க இயலாத சிறு சபைகட்கும் வழி உண்டு. ஆராதனைக்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்தல் செலவில்லாத முறை. அப்போது காலர் மைக்கை விரலால் மெல்லத் தேய்த்துப் பார்க்க. அவ்வோசை பதிவில் உரக்கக் கேட்டால் அம்மைக் வேலை செய்கின்றது. கைப்பேசியைத் தட்டிய ஓசையே உரத்திருந்தால் உள்மைக் வேலை செய்கின்றது. எம் ஆலயத்தில் இப்போது இவ்வழக்கம் உண்டு. விடுமுறைக் காலத்தில் கேட்கும் பணியில் யான் அமர்வதும் உண்டு. சேய்மைக் கேள்விக்கு உரியவர் எம் ஆச்சியே. வீட்டிலிருந்து கேட்டு, “ஃபேன் இரையுது, அமத்துங்க” என்று அவர் தொலைபேசியிற் கூறினால், கோவில்பிள்ளை உடனே அவ்விசிறியை நிறுத்துவார். தன் செவியை ஐயுற்றிருந்தவர் இன்று சபைக்கே செவியாயிருக்கின்றார்.

இனி, கேட்குங்கால் எவற்றைக் கேட்பது? போதகர் பேச்சை நிறுத்தும் இடங்களைக் கேட்க. பல கைப்பேசிகள் மெல்லிய ஒலியைத் தாமே உயர்த்திக்கொள்ளும். ஆகவே ஜெபத்தின் நடுவே மௌனம் வருந்தோறும் மின்விசிறியின் இரைச்சலும், நான்குவழிச் சாலையில் ஓடும் லாரியின் முழக்கமும் பொங்கியெழும். பாடகர் குழு உரக்கப் பாடும் இடங்களையுங் கேட்க. ஓசைக்கு வரம்பு உண்டென்பது வெடித்தொழிலை அறிந்த எம் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லை வெடியோசை மிஞ்சலாகாதென 1999-இலேயே விதி வகுத்தனர். மைக்குக்கும் அத்தகைய ஓர் உச்சவரம்பு உண்டு. அதனை மிஞ்சிய ஒலியலையின் முகடு வெட்டுண்டு கரகரப்பாகும். அங்ஙனம் சிதைந்ததைப் பின்னர்ச் செம்மையாக்குதல் அரிது. கல்லறைத் தோட்டத்திலோ காற்றே பகைவன். மைக்கின்மேல் பஞ்சுறை இல்லையெனில் ஜெபம் முழுவதும் புயலோசையாய்ப் போம். துபாயிலோ சிங்கப்பூரிலோ விடுப்புக் கிடையாத ஒரு மகன் தன் தந்தையின் அடக்கத்தை அவ்வழியே கண்டுகொண்டிருப்பான். அவ்வடக்கத்தை அவன்பொருட்டு மறுமுறை நடத்துதல் எவராலும் இயலாது.

இச்சிறு காரியத்திற்கு இத்துணை முயற்சி வேண்டுமோ என வினவுவாரும் உளர். ஆலயத்தில் ஒலிபெருக்கி நின்றுபோனாற் பின்வரிசையிலிருப்பார் ஒருவர் கையுயர்த்துவார், உடனே சரிசெய்வர். நேரலையிற் கேட்போர்க்கு உயர்த்தக் கையில்லை. எழுத்தறிந்த இளைஞர் சிலர் திரையில் ஒரு வரி எழுதி அறிவிப்பர். பார்வை குன்றியோரும், படுக்கையிற் கிடப்போரும், எழுதப் பழகாதோரும் யாதுஞ் சொல்லார். கேட்கவில்லையென்றால் தம் செவியை நொந்துகொள்வர், அல்லது தம் கைப்பேசி பழையதென்று எண்ணி அடங்கிவிடுவர். நேரலை மிகுதியும் வேண்டப்படுவது இவர்கட்கே. குறையைச் சொல்லமாட்டாதவரும் இவர்களே.

ஆதலின் நம் கல்லூரி மாணவராகிய அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் சபையிலோ, கோவில் விழாவிலோ, ஊர்க்கூட்டத்திலோ நேரலை நடக்குமாயின், கைப்பேசியைப் பிடித்திருப்பவர் அருகே ஓர் இயர்போனுடன் அமருங்கள். படம் அழகாயிருக்கின்றதா என்று பார்க்கப் பலர் இருப்பர். நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். கேட்டதை அவரிடம் பணிவாய்ச் சொல்லுங்கள். முடிந்தபின் வீட்டில் முடங்கியிருக்கும் முதியோர் ஒருவரையேனும் சென்று கண்டு, “இன்றைக்கு வார்த்தை விளங்கிற்றா?” என்று வினவுங்கள். அவர் விளங்கிற்று என்று சொல்லுமளவும் அந்நேரலை முடிந்ததாகக் கொள்ளாதிருப்போமாக.