கண்மாய்க்குள் தெரியும் பச்சை

அம்மாடி, பத்திரிகை ஆபீஸில் உனக்கு வரைபடப் பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள் என்று உங்கப்பா சொன்னான். நான் கயத்தாறில் தாலுகா நிருபராக இருந்த காலத்தில் செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, கவரில் போட்டு, திருநெல்வேலி பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். எந்த ஊரில் என்ன நடந்தாலும் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. நீ சென்னையில் உட்கார்ந்தபடியே நம்ம கண்மாயின் மடையைப் பார்க்கிறாய். எங்களுக்குக் கிடைக்காத பலம் அது. அதோடு நீ ஒரு வழக்கத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். எந்த வரைபடமானாலும், கூண்டில் ஏறிய சாட்சியைக் கேட்கிற மாதிரி கேள்: உன்னை வரைந்தது யார், எந்த மாதத்தில், யாருடைய தேவைக்கு, எதை விட்டுவிட்டு?

சித்திரை, வைகாசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் வழியாகக் கயத்தாறு வரைக்கும் பார். உளுந்தும் பாசியும் சோளமும் எடுத்த பிறகு மானாவாரிக் காடெல்லாம் வெறுங்கரிசலாகக் கிடக்கும். நடுவில் அங்கங்கே பச்சைத் திட்டுகள் தெரியும். கம்ப்யூட்டர் போடுகிற தாவரக் குறியீட்டுக் கணக்கும் அங்கே பசுமை அதிகம் என்றே சொல்லும். ஊர் தெரியாதவர் கோடை விளைச்சல் என்று எழுதிவிடுவார். பக்கத்தில் போய் நின்றால் தெரியும், அதில் பெரும்பகுதி கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்கிறது. பச்சை நல்லது என்று படிக்கப் பழகிய கண்ணுக்கு இங்கே பச்சையே கேட்டின் அடையாளம்.

இதற்கு மாற்று உண்டு. அதே கண்மாயின் மார்கழி, தை படத்தை எடுத்து வைகாசிப் படத்துக்குப் பக்கத்தில் வை. எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது, எவ்வளவு பரப்பை முள் தின்றது என்று இரண்டும் சேர்ந்துதான் சொல்லும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் பிடிக்கின்றன; 2008-லிருந்து அந்தப் படங்கள் இலவசம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களுக்குத் தள்ளிப் பார்க்கலாம். நம்ம இஸ்ரோவின் புவன் தளம் 2009-லிருந்து இருக்கிறது. ஒரு கண்மாய் எந்த வருடவாக்கில் முள்ளுக்குப் போனது என்பதை ஆயக்கட்டு விவசாயி வாய்மொழியாகச் சொல்வார், படம் அதை உறுதிப்படுத்தும். அவர் சொல்வதும் படமும் ஒத்துப்போகவில்லையா? அங்கேதான் உன் செய்தி இருக்கிறது. உடனே கிளம்பி வா.

கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு. உழுது போட்ட நிலம் ஒரு மழையில் நனைந்தால் மேலிருந்து பார்க்கக் கன்னங்கரேல் என்றிருக்கும். தெளிந்த தண்ணீரும் படத்தில் கறுப்புதான். செம்மண் காட்டுக்கு எழுதிய கணக்கை இங்கே அப்படியே போட்டால் காடெல்லாம் வெள்ளம் என்று வரும்.

புள்ளிக் கணக்கை மனதில் வைத்துக்கொள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம்ம கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட் புள்ளி 30 மீட்டருக்கு 30, அதாவது 22 சென்ட். இந்தப் பக்கத்து ஓடைகளில் எத்தனையோ அந்தப் புள்ளிக்குள்ளேயே அடங்கிப்போகும். படத்தில் காணோம் என்பதால் ஓடை இல்லை என்று எழுதாதே. புல வரைபடத்தை எடு. அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே ஓடைப் புறம்போக்கு என்றிருக்கிறதா பார். இரண்டும் இப்போது அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் இதற்காகத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடப்போம். காற்றாலைக்கோ சோலார் பூங்காவுக்கோ பாதை போட்டதில் ஓடை அடைபட்டது என்று ஊர்க்காரர் சொன்னால், புல வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்து. பிறகு சர்வே கல் இருக்கிற இடத்தில் போய் நில். அங்கே ஆடு மேய்க்கிற பெரியவரிடம் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி வரும் என்று கேள். நிறுவனத்தின் பதிலையும் வாங்கு. இத்தனையும் முடிந்த பிறகு எழுது.

வரைபடத்துக்கு எஜமானர் உண்டு என்பதைக் கயத்தாறுக்காரர்கள் மறக்கக் கூடாது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனை இந்த மண்ணில் தூக்கிலிட்டார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். அவருடைய முக்கோண அளவை தென்கோடி வரை வந்தது; அவருக்குப் பின் இமயம் வரை போனது. அறிவியலாகப் பார்த்தால் மகத்தான வேலை, நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குச் செலவு செய்தது படை நடத்தவும் வரி தண்டவும்தான்.

நம்ம காலத்துக்கு வருவோம். எண்ணூர்க் கழிமுகத்தின் கதையை நீ அவசியம் படிக்க வேண்டும். 1996-ல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பிற்பாடு அதிகாரிகள் கையாண்ட இன்னொரு வரைபடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பைக் காணோம். 2017-ல் நித்யானந்த் ஜெயராமன் முதலிய ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களைக் கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மீனவர்கள் நாள்தோறும் வலை போடுகிற தண்ணீர், தாளில் இல்லை! தண்ணீர் இல்லாத இடத்தில் கட்டடம் கட்ட யார் தடை சொல்வார்கள்? வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தாலே ஒரு ஊரின் பிழைப்பை அழித்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, இரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்குகிற பிடிவாதம்தான் தேவைப்பட்டது.

ஜனங்களே வரைகிற படமும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து அருண் கணேஷ் முதலானோர் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். தங்கள் தெரு மூழ்கியிருக்கிறது என்று மக்களே குறிக்க, 2,000-க்கும் மேற்பட்ட சாலைகள் அதில் ஏறின. அருமையான காரியம். ஆனாலும் ஒன்றை யோசி: போனில் சார்ஜும் சிக்னலும் இருந்தவர்களின் தெருதான் அதில் வரும். 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கரண்டும் போய், டவரும் போன ஊர்கள்தான் அதிகம் அடிபட்டவை. அந்த நேரத்தில் புள்ளியே விழாத இடத்தைத்தான் நீ முதலில் தேட வேண்டும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படமும் தினமும் கிடைக்காது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் வருவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கலாம். படத்தில் இல்லை என்று சொல்லி ஒரு ஊரின் நிவாரணத்தை யாரும் மறுக்கும்படி உன் செய்தி அமைந்துவிடக் கூடாது.

எல்லைக் கோடு பணமாக மாறுகிற இடம் பயிர்க் காப்பீடு. அறிவிக்கப்பட்ட கிராமமோ குறுவட்டமோ எதுவோ, அதற்குள் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூலை வைத்து இழப்பைக் கணக்கிடுகிறார்கள். நம்ம பக்கத்து மழை எப்படிப் பெய்யும் என்று உனக்குத் தெரியும். வண்டிப் பாதைக்கு இந்தப் பக்கம் நனைத்துவிட்டு அந்தப் பக்கம் காயப்போட்டுவிட்டுப் போகும். காய்ந்த பக்கத்து மக்காச்சோளக்காரர் நனைந்த பக்கத்தோடு சராசரி ஆகிவிடுவார். மழைமானி எங்கெங்கே இருக்கிறது, குறுவட்ட எல்லை எங்கே போகிறது, பரிசோதனை வயல்கள் எவை, இந்த மூன்றையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டு. இதைச் செய்யச் சொல்லித்தான் நான் எல்லா இளைஞர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விவசாயிகள் மனு மனுவாக எழுதிச் சொல்ல முடியாததை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

மாவட்ட எல்லை விஷயத்திலும் கவனம். தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபர் 20-ல் பிரிந்தது. தென்காசி 2019 நவம்பர் 22-ல் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் திருநெல்வேலியும் இன்றைய திருநெல்வேலியும் ஒன்றல்ல. பழைய எண்ணைப் புதிய எல்லைக்குள் ஊற்றி வண்ணம் தீட்டினால் இல்லாத வீழ்ச்சியெல்லாம் தெரியும்.

இனி நான் சொல்வதை மற்ற எல்லாவற்றையும்விட அக்கறையாகக் கேட்டுக்கொள். 2023 ஏப்ரல் 25-ல் நம்ம மாவட்டத்து முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அரசு அதிகாரிக்கே அந்தக் கதி என்றால், உனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிற ஊர்க்காரரை நினைத்துப் பார். போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். அந்தக் கோணத்திலிருந்து எடுக்கக்கூடிய மாடி ஒன்றே ஒன்றாக இருந்தால், பெயர் போடாவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான். ஆகவே இடக்குறிப்பை அழித்த பிறகே படத்தை அடுத்தவருக்கு அனுப்பு. மணலுக்குப் பள்ளம் தோண்டிய இடத்தைத் துல்லியமாகக் காட்டு, அது பொதுச்சொத்து. தகவல் தந்தவரின் வீட்டை, தோட்டத்தை, அவர் போய்வரும் பாதையைக் காட்டாதே. வரைபடத்தில் அவர் இருக்கும் பகுதியைக் குறுவட்ட அளவோடு நிறுத்திக்கொள். துல்லியம் குறைகிறதே என்று டெஸ்க்கில் யாராவது கேட்டால், ஆசிரியரிடம் மட்டும் காரணத்தைச் சொல்.